பின்னால் போகாத வண்டி

எங்கள் வீட்டு வண்டி பின்னால் போகாது. வாங்கிய அன்றே சொல்லிவிட்டேன்.

ஓட்டுநர் இல்லாத வண்டி அது. உரிமையாளரின் குணம் தெரிந்தால்தான் அதற்கேற்ப ஓடும் என்று கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து கேள்வி மேல் கேள்வி கேட்டாள். வேகம் பிடிக்குமா, குலுக்கல் தாங்குமா, பாட்டு வேண்டுமா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "குறுகலான தெருவுல எதிர்ல ஒரு வண்டி வந்தா என்ன செய்வீங்க சார்?" என்றாள்.

"நான் ஏம்மா செய்யணும்? எதிர்ல வர்றவன் செய்வான்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எங்களுக்கு 'வடம்பிடி வீட்டார்' என்று பெயர். குலதெய்வக் கோயில் தேர்வடத்தை முதலில் தொடுவது எங்கள் வீட்டு மூத்த ஆண். தேர் நிற்கும், சாயும், மழைக்காலத்தில் சகதியில் புதையும். பின்னால் மட்டும் போகாது. அதை அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லிவிட்டு, "ஒரு அவசரத்துல நானே பின்னால எடுன்னு சொன்னாலும் வண்டி கேக்கக் கூடாது. நான் வேற மாதிரிப் பேசினாலும் கேக்கக் கூடாது" என்றேன்.

"அப்படிச் செஞ்சா அது நிரந்தரக் கட்டளை சார். நீங்க நெனச்ச நேரத்துல மாத்த முடியாது."

"அதத்தானம்மா நானும் கேக்குறேன்."

அதன்பிறகு மூன்று வருஷம் மதுரையில் எந்தத் தெருவிலும் என் வண்டிக்கு எதிரே ஒரு வண்டி வந்து நின்றதில்லை. மற்றவர்கள் சந்தைக் கூட்டத்தில் சிக்கி வியர்த்துக்கொண்டிருப்பார்கள். நான் காலியான தெருவில் போய்க்கொண்டிருப்பேன். ஊருக்கு இன்னும் மரியாதை தெரிந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். என் சம்மந்தி, அதாவது மகள் வள்ளிமயிலின் மாமனார் முத்திருளாண்டியிடம் இதைச் சொல்லவும் சொன்னேன்.

"என் வண்டியக் கண்டா தெருவே காலியாயிருது சம்மந்தி."

அவர் மீசையை நீவிக்கொண்டார். நல்ல மனிதர்தான், கொஞ்சம் தலைக்கனம் உண்டு. போன மாதம் அவரும் அதே மாதிரி வண்டி ஒன்றை வாங்கி, அதே கட்டளையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது.

இந்த நிலையில்தான் பேத்தி நறுமுகைக்குக் காதுகுத்து வந்தது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் என்றால் என் மகன் அழகுசுந்தரம். அவன் நார்வேயில் காற்றாலை வேலையில் இருக்கிறான். லீவு கிடைக்கவில்லை என்று போனில் வந்தான்.

"கவலப்படாதீங்கப்பா. மடிய அனுப்பி வைக்கிறேன்."

"மடிய அனுப்புறியா?"

"நான் இங்க ஒரு நாற்காலில உக்காந்தா அங்க ஒரு நாற்காலில என் உருவம் தெரியும். சும்மா வெளிச்சம் இல்லப்பா, பிள்ளைய உக்கார வைக்கலாம், தாங்கும். ஒடம்புச் சூடுகூட இருக்கும்."

"பிள்ள ஒண்ணுக்குப் போனா உன் வேட்டி நனையுமா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "அந்த வசதி இன்னும் வரலப்பா."

"வந்ததும் சொல்லு" என்று போனை வைத்தேன். மகனுக்குப் பதிலாகத் தகப்பன் மடி. பெரியவர்களும் சரி என்றார்கள்.

ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். வள்ளிமயிலின் வளைகாப்புக்கு நான் சீர்த்தட்டோடு போனபோது தெரு முனையில் வந்து 'வாங்க' என்று சொல்ல ஆள் இல்லை. தட்டுகளோடு திரும்பி வந்துவிட்டேன். இந்தத் தடவை முத்திருளாண்டியே தெரு முனைக்கு வந்து பன்னீர் தெளித்து அழைக்க வேண்டும். அவரும் ஒப்புக்கொண்டார்.

காதுகுத்தன்று காலையில் வள்ளிமயில் போன் செய்தாள்.

"அப்பா, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள காது குத்தணும். இன்னைக்கும் நீங்க பாதியில திரும்பிப் போனீங்கன்னா, நானும் என் மகளும் உங்க வாசப்படி மிதிக்க மாட்டோம். எங்க மாமாகிட்டயும் சொல்லிட்டேன். அவரு ஏதாவது வீம்பு பண்ணினா தனிக்குடித்தனம்தான்."

"அவருகிட்ட அழுத்திச் சொல்லும்மா. எனக்குச் சொல்ல வேண்டியதில்ல."

"ரெண்டு பேருக்கும் ஒரே அழுத்தந்தான்" என்று வைத்துவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதனால் பயந்தேன்.

பெண்கள் சீர்த்தட்டுகளோடு வேனில் முன்னே போய்விட்டார்கள். தங்கத் தோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் மட்டும் என் வண்டியில் ஏறினேன். பெரிய சாலையில் நேராகப் போக வேண்டிய வண்டி, திடீரென்று வளையல்காரச் சந்துக்குள் திரும்பியது.

"இந்தப் பக்கம் ஏன் போற?"

"இது சௌகரியமான வழி ஐயா" என்றது வண்டி. எப்போதும் அதற்குச் சுத்தமான தமிழ்தான்.

பாதிச் சந்தில் எதிரே ஒரு வெள்ளை வண்டி வந்தது. மதுரையில் பாதி வண்டி வெள்ளை. வெயிலுக்குக் கண்ணாடி கறுத்திருந்ததால் உள்ளே யார் என்று தெரியவில்லை. இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்தாற்போல் நின்றன.

"ஏன் நின்னுட்ட?"

"எதிரே வண்டி ஐயா."

"ஒதுங்கச் சொல்லு."

"ஒதுங்க இடமில்லை. யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். கேட்டுப் பார்த்தேன். தன் ஐயா வீட்டில் அந்த வழக்கம் இல்லை என்கிறது."

"நம்ம வீட்டுலயும் இல்லேன்னு சொல்லு."

"அதைத்தான் முதலில் சொன்னேன்."

"யாருடா அது? பேரக் கேளு."

"பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி ஐயா. மானஸ்தர் என்பது வரைக்கும் சொல்லலாம்."

எங்களுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் மணி அடித்தது. மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "ஏய், இங்க வந்து பாருங்கடி! ரெண்டு காளையும் முட்டிக்கிட்டு நிக்குது. இன்னைக்கு வாடிவாசல இங்கிட்டுத் தொறந்துட்டாங்க போல" என்று கூவினாள். டீத் தூக்கோடு வந்த ஆள் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நுழைந்து, என் கண்ணாடியைத் தட்டினான்.

"பெருசு, ஒரு டீ போடவா? பொழுது சாயிற வரைக்கும் இருப்பீங்கல்ல?"

"அந்தப் பக்கம் நிக்கிறவனுக்குப் போய்க் குடு. அவனுக்குத்தான் தேவப்படும்."

"அவரும் இதத்தான் சொன்னாரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வள்ளிமயில் போனில் வந்தாள். "எங்கப்பா இருக்கீங்க? ஆசாரி வந்து உக்காந்து எவ்வளவு நேரமாச்சு!"

"வழியிலதாம்மா."

"உங்கள அழைக்கக் கெளம்பிப் போன மாமாவையும் காணோம். போன எடுக்கவும் மாட்டேங்குறாரு."

"எனக்குத் தெரியும்மா. தெரு முனைக்கு வந்து நிக்க மனசு வரல. எங்கயாவது ஒளிஞ்சிருப்பாரு."

"அப்பா, நீங்க எங்க நிக்குறீங்க, அதச் சொல்லுங்க."

"வளையல்காரச் சந்து. இங்க ஒரு முரட்டுப் பய வழி விட மாட்டேங்குறான்."

அவள் மெதுவாகக் கேட்டாள். "அந்த முரட்டுப் பய வண்டி என்ன கலரு?"

"வெள்ள. ஏம்மா?"

போனை வைத்துவிட்டாள்.

பத்து மணி அடித்துவிட்டது. கையைச் சட்டைப் பையில் வைத்துப் பார்த்தேன். தோடு இருந்தது. காது அங்கே இருந்தது. இனிமேல் என் வாசலில் அந்தப் பிள்ளை தவழாது. வெளியே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினேன்.

"கொஞ்சமா பின்னால எடு."

"இயலாது ஐயா."

"நான் சொல்றேன்."

"தாங்கள் சொன்னாலும் கேட்கக் கூடாது என்று தாங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள்."

"இப்ப வேற மாதிரிச் சொல்றேன்."

"வேறு மாதிரிச் சொன்னாலும் கேட்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறீர்கள்."

"பேத்திக்குக் காதுகுத்து."

"வாழ்த்துகள் ஐயா."

இதற்கு மேல் ஒரு இயந்திரத்திடம் என்ன பேசுவது? "எதிர்ல இருக்கவன் என்ன செய்யறான், அதையாவது சொல்லு."

"சொல்லக் கூடாது. ஆனால் அவரும் தம் வண்டியிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் தவறில்லை."

"நான் எறங்கிட்டா என்ன ஆகும்?"

"தாங்கள் இறங்கிவிட்டால் நான் வெறும் வண்டி. எனக்கென்று தனியாக மானம் கிடையாது. உடனே பின்னால் போய்விடுவேன்."

முதலில் இறங்குகிறவன் தோற்றவன். அது எனக்குத் தெரியாதா? மாடியில் இப்போது நாலைந்து தலைகள் சேர்ந்திருந்தன. அத்தனை பேர் பார்க்க இறங்குவதற்குப் பதில் உள்ளேயே கிடந்து செத்துப்போகலாம். கதவைத் திறந்து காலை வெளியே வைத்தேன்.

அதே நொடியில் எதிர் வண்டியின் கதவும் விலகியது. பட்டு வேட்டி தெரிந்தது. ஒரு கையில் பன்னீர்ச் செம்பு, மறு கையில் சந்தனக் கிண்ணம். முத்திருளாண்டி.

நாங்கள் இறங்கியதுதான் தாமதம், இரண்டு வண்டிகளும் ஒன்றுக்கொன்று விளக்கைச் சிமிட்டிவிட்டு, ஒரே வேகத்தில் பின்னால் போய்ச் சந்தின் இரண்டு முனைகளுக்கும் சேர்ந்துவிட்டன. நடுவில் நாங்கள் இருவரும் நின்றோம்.

"நீங்களா?" என்றேன்.

"நீங்களா?" என்றார்.

"தெரு முனையில நிக்கிறதாத்தான பேச்சு சம்மந்தி?"

"அங்க போற வழியிலதான் எவனோ ஒரு முரடன் மறிச்சிட்டான்னு உக்காந்திருந்தேன்."

"நானும் எதிர்ல ஒரு முரடன்னுதான் நெனச்சேன்."

"ரெண்டு பேரு நெனச்சதும் தப்பில்ல" என்றார் முத்திருளாண்டி.

மாடியிலிருந்து குரல் வந்தது. "அடி ஆத்தி, ரெண்டும் சம்மந்தகாரவுகளாம்டி!"

அவர் 'வாங்க' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"இங்க வச்சுச் சொல்ல மாட்டேன் சம்மந்தி. இது தெரு முனை இல்ல. பெறகு முனையில சொல்லலேன்னு பத்து வருஷத்துக்குப் பேசுவீங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் 'சரிதான், முனைக்குப் போவோம்' என்று சொல்லியிருப்பேன். எந்த முனைக்கு என்பதில்தான் அடுத்த சிக்கல். என் பக்கத்து முனைக்கு வந்தால் அவர் இறங்கி வந்ததாகும். அவர் பக்கத்து முனைக்குப் போனால் நான் அழைக்காமல் போனதாகும்.

அப்போது அவர் பக்கத்து முனையில் நாயனச் சத்தம் கேட்டது. வள்ளிமயில் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு ஓடி வந்தாள். பின்னால் ஊசிப்பெட்டியோடு ஆசாரி, அவருக்குப் பின்னால் மேளக்காரர்கள்.

"இதுதான் தெரு முனை" என்றாள்.

"யாரும்மா சொன்னது?" என்றார் முத்திருளாண்டி.

"நான் சொல்றேன். மாமா, பன்னீரத் தெளிங்க. அப்பா, இந்தப் படியில உக்காருங்க."

பூட்டியிருந்த வளையல் கடைப் படியில் உட்கார்ந்தேன். 'வாங்க சம்மந்தி' என்று முத்திருளாண்டி பன்னீரைத் தெளித்தார். கொஞ்சம் அதிகமாகவே தெளித்தார், என் முகமெல்லாம் வழிந்தது. நறுமுகையை மடியில் வாங்கினேன். கெட்டிமேளம் முழங்க ஆசாரி குத்தினார். பிள்ளை சந்தே அதிரக் கத்தியது, என் பட்டு வேட்டியை நன்றாக நனைத்தது. முத்திருளாண்டி மண்டியிட்டு அதன் வாயில் சர்க்கரையை வைத்துவிட்டு, "முடிஞ்சிருச்சுடா, முடிஞ்சிருச்சு" என்று அதைவிட அதிகமாகத் தாமே அழுதார். மாடியிலிருந்தவர்கள் பூப் போட்டார்கள். பத்தரை ஆக இன்னும் நேரம் இருந்தது.

பந்தி முடிந்ததும் வள்ளிமயில் எங்கள் இருவரையும் மண்டபத்து மூலையில் உட்கார வைத்தாள். வண்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சைச் சரிபார்க்கும் கம்பெனியில்தான் அவளுக்கு வேலை.

"அப்பா, மூணு வருஷமா உங்களுக்கு எதிர்ல ஏன் யாருமே வரலேன்னு நெனச்சீங்க?"

"மரியாதைதான். வேறென்ன?"

"எதிர்ல வண்டி வருதுன்னா ரெண்டு தெரு தள்ளியே உங்க வண்டிக்குத் தெரிஞ்சிரும். நேருக்கு நேர் நின்னா பின்னால போகணும், அது கூடாதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. அதனால நேருக்கு நேர் வராமயே பாத்துக்கிருச்சு. முக்குல நின்னு அவங்க போனப்பறம் போகும், இல்லேன்னா வேற தெருவுல திரும்பிரும். மதுரையிலயே அதிகமா வழி விடற வண்டி உங்க வண்டிதான். குப்ப வண்டிக்குக்கூட விட்டிருக்கு."

முத்திருளாண்டி வெற்றிலையை வாயில் வைத்தபடியே குலுங்கிச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க மாமா. உங்களது வந்து ஒரு மாசந்தான் ஆச்சு. அதுக்குள்ள ரெண்டாவது எடத்துக்கு வந்துட்டீங்க."

அவர் சிரிப்பு நின்றது.

"அப்ப இன்னைக்கு எப்படி மாட்டுச்சு?" என்றேன்.

"பெரிய ரோட்டத் தோண்டிப் போட்டு ஒரு வண்டி போற அகலந்தான் விட்டிருக்காங்க. அங்க நீங்க வர்றது மாமா வண்டிக்குத் தெரிஞ்சிச்சு. அது வர்றது உங்க வண்டிக்குத் தெரிஞ்சிச்சு. ரெண்டும் பயந்து ஒரே நேரத்துல ஒதுங்குச்சு. ஒதுங்கினது ஒரே சந்துக்குள்ள."

எனக்குச் சீனிச்சாமி நினைவு வந்தான். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். என்னை 'டேய்' என்று கூப்பிட உயிரோடிருந்த ஒரே ஆள். போன வருஷம் அவன் இறந்த செய்தி கேட்டதும் கிளம்பினேன். வண்டி எங்கெங்கோ சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். எனக்காகக் காத்திருக்கவில்லையே என்று கோபித்துக்கொண்டு, அந்த வீட்டுக்கு அப்புறம் போகவே இல்லை.

"சீனிச்சாமி எழவுக்குப் போனேனே, அன்னைக்கும் இப்படித்தானா?"

வள்ளிமயிலின் முகத்தில் விளையாட்டு போய்விட்டது. "அந்தத் தெரு குறுகல்ப்பா. வந்தவங்க வண்டியெல்லாம் எதிரும் புதிருமா நின்னிருக்கும். உங்க வண்டி உள்ள போகவே பாத்திருக்காது."

முத்திருளாண்டி வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் ஒரு வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பு தடவாமலே கையில் வைத்திருந்தேன்.

"இப்பவே மாத்திர்றேன்ப்பா" என்றாள். "என்னால முடியும். எல்லார் வண்டியும் மாதிரி இதுவும் சாதாரணமா வழி விட்டுட்டுப் போகட்டும்."

"வேண்டாம்."

"அப்பா!"

"வழி விட வேண்டாம்னு சொல்லல. என்னக் கேட்டு விடட்டும். எதிர்ல வர்றது யாரு, என்ன வண்டின்னு சொல்லட்டும். நான் விடுன்னு சொன்னா விடட்டும். நம்ம வீட்டுல இருந்து ஒண்ணு வெளிய போகுதுன்னா, அது நம்ம கையால குடுத்ததா இருக்கணும். எனக்குத் தெரியாம எடுத்துக் குடுத்தா அதுக்குப் பேரு திருட்டு."

அவள் போனை எடுத்து எதையோ மாற்றினாள். முத்திருளாண்டி தொண்டையைச் செருமினார்.

"என் வண்டிக்கும் அப்படியே எழுதிரும்மா. ரெண்டு வண்டியும் ஒண்ணுக்கொண்ணு பேரச் சொல்லிக்கிறட்டும், தப்பில்ல."

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினேன். ஆசாரியை அவர் வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்று முத்திருளாண்டி முன்னமே போயிருந்தார். வண்டியில் நான் முதலில் சொன்னது சீனிச்சாமி வீட்டு விலாசத்தை. அவன் மனைவியைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

முதல் திருப்பத்தில் வண்டி பேசியது. "வலப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ ஐயா. நிறைய ஆட்கள்."

"விடு."

ஆட்டோ கடந்து போனது. உள்ளே இருந்த யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் என் கை, போகட்டும் என்பதுபோல் தானாக உயர்ந்திருந்தது.

"தண்ணீர் லாரி ஐயா."

"விடு."

"ஒரு பெண், சைக்கிளில்."

"அதக் கேக்கணுமா? விடு."

வழி விடுவதில் இவ்வளவு பெருமை இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்று வருஷமாக இந்த வண்டி எனக்குத் தெரியாமல் என் கணக்கில் விட்ட வழி எத்தனை என்று எண்ணியபோது கோபம்கூட வந்தது.

அடுத்த தெரு ஒற்றை வண்டி போகும் அகலம்தான். பாதியில் வண்டி நின்றது.

"எதிரே தங்கள் சம்மந்தி வருகிறார் ஐயா."

"விடு."

வண்டி தயங்கியது. "பின்னால் போக வேண்டியிருக்கும்."

"எடுன்னு சொல்றேன்ல?"

எங்கள் வீட்டு வண்டி பின்னால் நகரத் தொடங்கியது. நான் கண்ணாடி வழியாக எதிரே பார்த்தேன். அவர் வண்டி சிறியதாகிக்கொண்டே போனது.

"ஐயா, அவர்களும் பின்னால் போகிறார்கள்."

"நாங்கதான் மொதல்ல விட்டோம்னு சொல்லு."

"சொன்னேன். தாம்தான் முதலில் விட்டதாகச் சம்மந்தி சொல்லச் சொல்கிறார்."

"இன்னும் பின்னால எடு."

"தெரு முடிந்துவிட்டது ஐயா."

"அடுத்த தெரு இருக்குல்ல? எடு."